லுத்துலி ஹவுஸுக்கு ஒரு திறந்த மடல்: கிளைக் கணக்கைக் காட்டுங்கள்

பெறுநர்: தேசியச் செயற்குழு உறுப்பினர்கள், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் தலைமையகம், லுத்துலி ஹவுஸ், ஜோகன்னஸ்பர்க்.

தோழர்களே, வணக்கம்.

திறந்த மடல்களுக்கு உங்கள் கட்சியில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது தெரிந்தேதான் எழுதுகிறோம். 2016 மார்ச் கடைசியில், நிகாண்ட்லாவில் ஜேக்கப் ஜுமாவின் வீட்டுக்கு அரசுப் பணம் செலவான வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன கையோடு, அன்று அதிபராக இருந்த ஜுமாவைப் பதவி விலகச் சொல்லி அகமது கத்ராடா ஒரு மடல் எழுதினார். ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்று, 26 ஆண்டு சிறையில் இருந்தவர் அவர். பதில் வரவில்லை. ஓராண்டு கழித்து, 2017 மார்ச் 29 அன்று, கத்ராடாவின் இறுதிச் சடங்கில் முன்னாள் அதிபர் கலேமா மோட்லாந்தே அந்த மடலை வாசித்துக் காட்டினார். மறுநாள் இரவே நிதியமைச்சர் பிரவீன் கோர்தனை ஜுமா பதவி நீக்கினார். கத்ராடாவின் மடலுக்கே அந்த நிலை என்றால், எங்கள் மடலை நீங்கள் எந்த மேசையில் வைப்பீர்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

தமிழில் ஏன் என்று கேட்கலாம். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டது. 1947-இல் உங்கள் தலைவர் சூமாவோடு கூட்டுப் போராட்ட உடன்பாட்டில் கையெழுத்திட்ட மற்ற இரண்டு டாக்டர்களில் ஒருவர் மான்டி நாயக்கர். 1985-இல் தொடங்கிய கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பொதுச்செயலாளர் ஜெய் நாயுடு. இதைச் சொல்லி உங்களிடம் உரிமை கொண்டாடவும் முடியாது. 1994-இல் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் உங்களுக்கு வாக்களிக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வரலாறு தெரிந்த வெளியாட்கள் என்ற இடத்திலிருந்து பேசுகிறோம். அது போதும்.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். 2024 மே 29 தேர்தலுக்குப் பிறகு உங்கள் மேடைகளில் அதிகம் கேட்பது, "ஜுமா கட்சியை உடைத்தார், அதனால் தோற்றோம்" என்ற விளக்கம். குவாசுலு-நட்டாலில் 54 விழுக்காட்டிலிருந்து 17-க்கு விழுந்தீர்கள், ஜுமாவின் எம்.கே. கட்சி அங்கே 45 எடுத்தது. அந்த மாகாணத்துக்கு உங்கள் விளக்கம் பொருந்தும். நாடு முழுவதையும் எடுத்தால் பொருந்தாது. 2019-இல் உங்களுக்கு விழுந்தவை 1,00,26,475 வாக்குகள். 2024-இல் 64,59,683. போனது ஏறத்தாழ 35.7 லட்சம். எம்.கே. வாங்கியதோ மொத்தமே 23.4 லட்சம். அதில் ஒவ்வொரு வாக்கும் உங்கள் பெட்டியிலிருந்து எடுத்தது என்றே வைத்துக்கொண்டாலும், இன்னும் 12 லட்சம் வாக்குக்குக் கணக்கு இல்லை. டி.ஏ. (ஜனநாயகக் கூட்டணி) கட்சிக்குப் போனதா? அவர்கள் வாக்கும் குறைந்திருக்கிறது. மலேமாவின் இ.எஃப்.எஃப். கட்சிப் பக்கம் போனதா? அங்கேயும் குறைவுதான்.

இதற்கு முந்தைய தேர்தலிலும் இதே கதைதான், அப்போது எம்.கே. கட்சியே கிடையாது. 2014-க்கும் 2019-க்கும் இடையில் 14 லட்சம் வாக்கு இழந்தீர்கள். இ.எஃப்.எஃப். கூடுதலாகப் பெற்றது 7 லட்சம். டி.ஏ. சரிந்தது. மிச்சப் பேர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, வீட்டில் இருந்துவிட்டார்கள். 1999-இல் பதிவு செய்தவர்களில் 89 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், 2024-இல் 58.6. பதிவு செய்த 2.78 கோடிப் பேரில் உங்களுக்கு வாக்களித்தவர் நாலில் ஒருவர்கூட இல்லை. எதிர்க்கட்சிக்குப் போன வாக்கைப் பேசித் திரும்ப வாங்கலாம். வாக்குச்சாவடி வரை வந்து பயனில்லை என்று முடிவெடுத்தவரிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. அவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதற்கு விடை அவருடைய வார்டில் இருக்கிறது.

நீங்கள் வளர்ந்ததும் அங்கேதான். 1912 ஜனவரி 8 அன்று புளூம்ஃபோன்டெயினில் கூடியவர்கள் வழக்கறிஞர்கள், பாதிரிமார்கள், ஆசிரியர்கள், ஊர்த் தலைவர்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக அது மனுக்கொடுக்கும் சங்கம்தான். 1952 சட்டமறுப்புப் போராட்டத்தில்தான் உறுப்பினர் எண்ணிக்கை ஏழாயிரம் அளவிலிருந்து ஒரு லட்சமாயிற்று. தடை வரும் என்று தெரிந்து, 1953-இல் "எம்-திட்டம்" போட்டீர்கள். எம் என்றால் மண்டேலா. பத்து வீட்டுக்கு ஒரு செல், அதற்கு ஒரு பொறுப்பாளர், தெருவுக்கு ஒருவர், சில தெருக்கள் சேர்ந்து ஒரு வட்டம், அதற்கு மேலேதான் கிளை. பொதுக்கூட்டம் போடாமலே செய்தி வீடுவீடாகப் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். எல்லா ஊரிலும் அது நடக்கவில்லை. ஆனால் 1983-இல் இனவெறி எதிர்ப்பு அமைப்புகளின் கூட்டணியான யு.டி.எஃப். தொடங்கிய பிறகு, கறுப்பினத்தவர் குடியிருப்புகளான டவுன்ஷிப்களில் முளைத்த தெருக் கமிட்டிகள் அதே அச்சில் வார்த்தவை. வாடகை கட்டாமல் இருப்பது, கடைகளைப் புறக்கணிப்பது, குப்பை அள்ளுவது, சண்டை தீர்ப்பது வரை எல்லாம் அந்தக் கமிட்டிகள் பார்த்தன.

1990-இல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே யு.டி.எஃப். கலைக்கப்பட்டது. கொசாட்டுவின் முன்னணித் தலைவர்கள் இருபது பேர் 1994-இல் உங்கள் பட்டியலில் நாடாளுமன்றம் போனார்கள். தெருவில் வேலை தெரிந்தவர்கள் ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டார்கள். கீழே மிச்சம் இருந்தது கிளை என்ற சட்டகம் மட்டும். வீழ்ச்சியின் தொடக்கத்தைப் பலர் அரசின் ஆயுத பேர ஊழலில் தேடுகிறார்கள், சிலர் 2007 பொலோக்வானே மாநாட்டில். எங்கள் கணிப்பில் அது இங்கே, 1991-க்கும் 1994-க்கும் இடையில், யாரும் கவனிக்காத ஒரு இடமாற்றத்தில் இருக்கிறது.

ஆட்சியில் நீங்கள் செய்தவற்றை மறைக்க மாட்டோம். 1996 கணக்கெடுப்பில் மின் விளக்கு எரிந்த வீடுகள் 58 விழுக்காடு, 2022-இல் 94.7. 1998-இல் மாதம் 100 ரேண்டில் தொடங்கிய குழந்தை உதவித்தொகை இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. 2004-இல் கிடைத்த 69.69 விழுக்காடு வாக்கு சும்மா வந்ததல்ல.

இப்போது கிளைக்கு வருவோம். ஒரு வார்டுக்கு ஒரு கிளை. குறைந்தது 100 உறுப்பினர். சந்தா ஆண்டுக்கு 20 ரேண்ட். மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்ப வேண்டுமானால், உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒரு கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு தேசிய மாநாடு. அதன் பிரதிநிதிகளில் குறைந்தது 90 விழுக்காட்டினர் கிளைகளிலிருந்து வர வேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஆப்பிரிக்காவின் ஆளுங்கட்சிகளில் இவ்வளவு கீழிருந்து கட்டிய அமைப்பு குறைவு. அதுதான் சிக்கலும். அதிபர் பதவி வரைக்கும் போகும் ஏணியின் முதல் படி 20 ரேண்டுக்குக் கிடைக்கிறது.

2017 நஸ்ரெக் மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சித் தலைவர் தேர்தலில் ரமபோசாவுக்கு 2,440 வாக்கு. நிகோசசானா தலமினி-ஜுமாவுக்கு 2,261. இடைவெளி 179. அதாவது 90 பிரதிநிதிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் நாட்டின் வரலாறே வேறு. நூறு பேர் கொண்ட ஒரு கிளைக்கு ஆண்டுச் சந்தா 2,000 ரேண்ட். 90 கிளைக்கு 1,80,000 ரேண்ட். ஒரு சிறிய காரின் விலை. யாரோ அப்படிச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பூட்டு எவ்வளவு மலிவானது என்று காட்டுகிறோம்.

அது மலிவானது என்பதை உங்கள் உறுப்பினர் எண்ணிக்கையே சொல்கிறது. 2007 பொலோக்வானே மாநாட்டின்போது 6.2 லட்சம். 2012 மங்காவுங் மாநாட்டின்போது 12.2 லட்சம். மாநாடு முடிந்து மூன்றே ஆண்டில், 2015 பொதுக்குழுவில் ஜுமா அறிவித்தது 7.7 லட்சம். நாலரை லட்சம் பேர் காணாமல் போனார்கள். கொள்கைக்காகச் சேர்ந்தவர் மாநாட்டு ஆண்டில் வீங்கி, மறு ஆண்டில் வற்ற மாட்டார்.

கிளையில் நடக்கும் மற்ற வேலைகளை உங்கள் ஆட்கள் நன்றாகவே அறிவார்கள். எதிரணிக்கு ஆதரவான பகுதியின் விண்ணப்பப் படிவங்கள் "தொலைந்து" போகும். கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடம் கடைசி நேரத்தில் மாறும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த அணி எண்ணிக்கைக்கு முன்பே எழுந்து போய்விடும், கோரம் உடையும். வருகைப் பதிவேடு ஒன்றுக்கு இரண்டாக வரும். பிறகு நீதிமன்றம். 2012 டிசம்பரில் ஃப்ரீ ஸ்டேட் மாகாண மாநாடு செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றமே சொன்னது. குவாசுலு-நட்டாலின் 2015 மாகாண மாநாட்டை உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பரில் சட்டவிரோதம் என்றது. அதற்குள் அந்தத் தலைமை ஏறக்குறைய இரண்டு ஆண்டு மாகாணக் கட்சியை நடத்தி முடித்திருந்தது.

சரி, 20 ரேண்ட் போட்டுக் கிளையைப் பிடிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு தண்ணீர்க் குழாய் உடைவதைப் பார்த்தால் தெரியும்.

நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் பதித்த ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் ஒரு தெருவில் வெடிக்கிறது. செய்ய வேண்டியது எளிது: இரண்டு பக்கமும் வால்வை மூடு, தோண்டு, வெடித்த துண்டுக்குக் கிளாம்ப் போடு அல்லது அதை வெட்டி மாற்று, வால்வைத் திற. அரை நாள் வேலை. ஆனால் வால்வை ஆண்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கும் ஆள் இல்லை. அது துருப்பிடித்து இறுகிவிட்டது. அந்த வால்வு மூடவில்லை என்றால் அடுத்த வால்வு, அதுவும் மூடவில்லை என்றால் ஒரு வட்டாரத்துக்கே தண்ணீரை நிறுத்த வேண்டும். அந்த அளவுக் கிளாம்ப் ஸ்டோரில் இல்லை, ஏனென்றால் வாங்கும் ஒப்பந்தம் முடிந்து புது டெண்டர் வழக்கில் கிடக்கிறது. அரை நாள் வேலை ஒன்பது நாளாகிறது. ஒன்பது நாளும் தண்ணீர் லாரி ஓடுகிறது. அவசரம் என்பதால் வழக்கமான டெண்டர் முறையிலிருந்து விலக்கு, நாள் வாடகை. லாரிக்காரர் யார், அவரைச் சொன்னது யார், சொன்னவரின் கிளை எது என்று விசாரித்தால் போதும். குழாய் சரியானால் லாரி நிற்கும். லாரி நின்றால் அடுத்த மாநாட்டுக்குச் சந்தா கட்டும் கை நிற்கும்.

இந்தக் கண்ணி எல்லா ஊரிலும் இப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். ஆனால் 2023-இல் அரசே வெளியிட்ட அளவீட்டின்படி, நகராட்சிகள் வாங்கும் தண்ணீரில் 47 விழுக்காட்டுக்கு வருவாய் இல்லை, பெரும்பகுதி கசிவு. 2022-23 நிதியாண்டில் 257 நகராட்சிகளில் 34-க்கு மட்டுமே தணிக்கைத் தலைவர் குறையில்லாச் சான்று கொடுத்தார். அரசு மின் நிறுவனமான எஸ்கொம்முக்கு நகராட்சிகள் வைத்திருந்த பாக்கி 2025-இல் 9,000 கோடி ரேண்டுக்கு மேல். மக்களிடம் மின்கட்டணம் வாங்குவது நகராட்சி. வாங்கியதை எஸ்கொம்முக்குக் கட்டாமல் சம்பளத்துக்குத் திருப்புவதும் அதே நகராட்சி.

மின்வெட்டுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்களை விட்டு நகரத்து நடுத்தர வர்க்கம் விலகியது அதனால்தான். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் 2024-இல் உங்களுக்கு 35 விழுக்காடுகூட வரவில்லை. 2007-க்குள் உபரி மின்சாரம் தீர்ந்துவிடும் என்று 1998-இல் உங்கள் அரசின் வெள்ளை அறிக்கையே சொன்னது. புதிய நிலையம் கட்டும் முடிவு தாமதமானது. 2007-இன் கடைசியில் சொன்னபடியே விளக்கு அணைந்தது. அவசர அவசரமாக மெடுப்பி, குசிலே என்று இரண்டு பெரிய அனல்மின் நிலையங்கள். கொதிகலன் ஒப்பந்தம் ஹிட்டாச்சிக்கு. அதன் தென்னாப்பிரிக்கக் கிளை நிறுவனத்தில் 25 விழுக்காடு பங்கு வைத்திருந்தது சான்சலர் ஹவுஸ், உங்கள் கட்சியின் முதலீட்டு நிறுவனம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடர்ந்த வழக்கை முடிக்க ஹிட்டாச்சி 2015-இல் 1.9 கோடி டாலர் கட்டியது, தவறை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும். கொதிகலன்களில் வெல்டிங் குறைகள் வந்தன, ஆண்டுகள் ஓடின. மெடுப்பியின் கடைசி அலகு 2021 ஜூலை 31 அன்று வணிக உற்பத்திக்கு வந்தது. எட்டே நாளில் நாலாம் அலகின் ஜெனரேட்டர் வெடித்தது. குளிர்விக்கும் ஹைட்ரஜனை முதலில் கார்பன் டை ஆக்சைடு விட்டு வெளியேற்றிவிட்டு, அதன் பிறகே காற்று விட வேண்டும். ஹைட்ரஜன் மிச்சம் இருக்கும்போதே காற்று உள்ளே போனது. அந்த அலகு திரும்பி வர நாலாண்டு ஆயிற்று.

வாங்குபவரும் ஆளுங்கட்சி, விற்பவரிடம் பங்கும் ஆளுங்கட்சிக்கு. இந்த நிலையில் குறை கண்டுபிடித்த பொறியாளர் யாரிடம் போய்ச் சொல்வார்?

உங்கள் கட்சியின் பதவி நியமனக் குழுவும் இதே கேள்வியைத்தான் கிளப்புகிறது. யார் எந்தத் துறைத் தலைவர், எந்த நிறுவனத்தின் இயக்குநர் என்று கட்சிக் குழு பரிந்துரைப்பது தவறில்லை என்று வாதாடினீர்கள். அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று, அரசு ஊழல்களை விசாரித்த நீதிபதி சோண்டோவின் ஆணையம் சொன்னது. 2024-இல் நீதிமன்ற உத்தரவுப்படி ஆவணங்களைக் கொடுக்க நேர்ந்தபோது, ரமபோசா தலைமை தாங்கிய ஆண்டுகளுக்குக் கூட்டக் குறிப்புகளே இல்லை என்றீர்கள். நாட்டின் பெரும் பதவிகளைப் பேசி முடித்த குழுவுக்கு ஒரு குறிப்பேடு இல்லையாம். எங்கள் ஊர் சீட்டுக் கம்பெனிகூட நோட்டுப் போட்டு எழுதும்.

ஜோகன்னஸ்பர்க்கை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் வாக்காளர் மறக்கவில்லை. 270 பேர் கொண்ட அவையில் 3 இடம் மட்டும் வைத்திருந்த அல் ஜமா-அ கட்சிக்கு 2023-இல் அடுத்தடுத்து இரண்டு முறை மேயர் பதவியை விட்டுக்கொடுத்தீர்கள். கூட்டணிக் கணக்கு உங்களுக்குச் சரி. குழாயில் தண்ணீர் வராதவர் யாரைப் பிடித்துக் கேட்பது? மேயரைக் கேட்டால் அவருக்கு மூன்று பேர். உங்களைக் கேட்டால் மேயர் உங்கள் கட்சி இல்லை.

இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தால் போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966 முதல் 58 ஆண்டு ஆண்ட ஜனநாயகக் கட்சி, 2024 அக்டோபர் 30 அன்று 38 இடத்திலிருந்து 4 இடத்துக்கு வந்தது. படிப்படியாக அல்ல, ஒரே தேர்தலில். ஜாம்பியாவில் 1991-இல் கவுண்டாவின் யு.என்.ஐ.பி. தோற்ற பிறகு தலை தூக்கவே இல்லை. உங்களுக்கு இன்னும் லிம்போபோவில் 73, கிழக்கு கேப்பில் 62 விழுக்காடு இருக்கிறது. ஊர்ப்புறம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை போட்ஸ்வானாவிலும் இருந்தது.

கேட்க வேண்டியதை நேராகவே கேட்கிறோம். நாலு காரியம். எதற்கும் நாடாளுமன்றமோ, 2024-இல் உங்களோடு ஆட்சியில் சேர்ந்த டி.ஏ.வின் சம்மதமோ வேண்டாம்.

2027 டிசம்பரில் வர வேண்டிய தேசிய மாநாட்டுக்கு வாக்குரிமைப் பட்டியலை ஓராண்டு முன்பே மூடுங்கள். அதற்குப் பின் சேர்பவர் உறுப்பினராகட்டும், அந்த மாநாட்டுக்கு வாக்களிக்க வேண்டாம். மொத்தமாகச் சந்தா வாங்குவதை நிறுத்துங்கள்: ஒருவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு அல்லது கைபேசி எண்ணிலிருந்து ஒரு சந்தா மட்டும். வங்கிக் கணக்கு இல்லாத முதியவர்கள் விடுபடுவார்கள் என்ற எதிர்ப்பு வரும், நியாயமான எதிர்ப்புதான். அவர்களுக்கு மட்டும் அஞ்சலகத்திலோ கடையிலோ அடையாள அட்டை காட்டிக் கட்டும் வழி வைக்கலாம்.

அடுத்து, நகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் அவர் வீட்டாரும் அதே நகராட்சி எல்லைக்குள் கிளைப் பொறுப்பு வகிக்கக் கூடாது. நகராட்சி ஊழியர்கள் கட்சிப் பதவி வகிக்கக் கூடாது என்று 2022-இல் நீங்களே சட்டம் கொண்டுவந்தீர்கள். ஊழியருக்குப் போட்ட பூட்டை ஒப்பந்தக்காரருக்கும் போடுவதில் என்ன தடை?

மூன்றாவது, கவுன்சிலர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தொகுதி மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டத்தோடு இணைந்த நடத்தை விதியில் இருக்கிறது. அதை உங்கள் கவுன்சிலர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் நிபந்தனையாக்குங்கள். கூட்டத்தில் சொல்ல வேண்டியவை அதிகமில்லை: இந்த வார்டில் எத்தனை குழாய் உடைந்தது, சரிசெய்ய எத்தனை நாள், எத்தனை லாரி நாள் வாடகை கொடுத்தோம், யாருக்கு. நாலு கூட்டத்தில் இரண்டைத் தவறவிட்டவருக்கு அடுத்த முறை சீட்டு இல்லை. 2021 நவம்பரில் தேர்ந்தெடுத்த கவுன்சில்களின் ஐந்தாண்டு முடிவுக்கு வருகிறது. அந்தத் தேர்தலில் முதல் தடவையாக நாடு முழுவதும் பாதிக்குக் கீழே, 46 விழுக்காட்டுக்குள், போனீர்கள். பல நகராட்சிகளில் வேட்பாளர் பட்டியலைக் குறித்த நேரத்தில் கொடுக்கக்கூட உங்களால் முடியவில்லை. கிளைச் சண்டை தீரவில்லை.

கடைசியாக, வார்டு வாரியாக உறுப்பினர் எண்ணிக்கையை மாதம் தவறாமல் பொதுவில் வையுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். ஒரு வார்டில் 110 பேர் இருந்தது மாநாட்டுக்கு முந்தைய காலாண்டில் 430 ஆனால் அந்த ஊர்க்காரர்களே கேட்பார்கள், நீங்கள் விசாரணைக் குழு போட வேண்டியதில்லை.

முதல் அட்டவணையை ஒரு ஜனவரி 8 அன்று வெளியிடலாம். கட்சி பிறந்தநாள் அறிக்கையை எப்படியும் அன்று வாசிக்கத்தான் போகிறீர்கள். பின்னிணைப்பாகச் சேர்த்தால் போதும்.

தோழமையுடன்,
ஆப்பிரிக்க அரசியலைத் தமிழில் எழுதிவரும் சிலர்